வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்த தண்ணீர்

என் தங்கை ஒரு பெருநகரத்துக்கு மேயராக இருந்தாள். எந்த நகரம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் நாலு பேர் வீடு தேடி வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை. மீஞ்சூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் பிறந்தவள், இருபத்திரண்டு வயதில் அந்த நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கணவர் இறந்த பிறகு அவர் பார்த்துக்கொண்டிருந்த கட்சி வேலையை இவள் எடுத்துக்கொண்டாள், மாமன்ற உறுப்பினரானாள், ஐம்பத்தெட்டாவது வயதில் மேயரானாள். எங்கள் ஊரில் எழுபத்தொரு வீடு. அன்று எல்லா வீட்டிலும் கேசரி கிளறினார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் பதினேழு கிண்ணம் வந்தது. எனக்கும் என் மனைவிக்கும் சர்க்கரை வியாதி. இருந்தும் இரண்டு நாள் அதைத்தான் தின்றோம்.

கிண்ணத்தை எண்ணினேன் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு எண்ணித்தான் பழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். நட்டு, போல்ட்டு, பேரிங், கையுறை, எதையும் எண்ணாமல் வெளியே விட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. ஊரில் எனக்கு ஸ்டோர் மாமா என்றே பெயர். சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டை எண்ணுகிற மனுஷன் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அது பொய்யில்லை.

ஊரிலும் எனக்கு ஒரு எண்ணுகிற வேலை உண்டு. ஆடி மாதம் எங்கள் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அதற்கு ஐந்து நாள் முன்பு, இந்த ஊரில் பிறந்து வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களையெல்லாம் ஊர் சார்பில் போய் அழைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு தட்டு. தட்டில் பூ, பழம், வெற்றிலை, ஒரு ரவிக்கைத் துணி. அந்தத் தட்டு வந்தால்தான் பெண் ஊருக்கு வருவாள். தட்டுகளைக் கோயிலில் வரிசையாக வைத்ததும் சரிபார்த்துச் சொல்வது என் வேலை. என் தங்கை விதவையான வருடம், அவளுக்குத் தட்டு வைப்பதா என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. எங்கள் சித்தப்பா, பழைய பஞ்சாயத்துத் தலைவர், ஒரே சத்தத்தில் அதை அடக்கினார். "பொறந்த ஊட்ல ஏதுடா தாலி கணக்கு? வைடா தட்ட." அந்த வருடமும் அவள் வந்தாள். மேயரான பிறகும் வந்தாள். காரை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு, தலையில் கூழ்ப் பானையோடு நடந்துதான் கோயிலுக்குப் போவாள்.

மேயரான நான்காவது வருடம் மழை இல்லை. நகரத்து ஏரிகள் வறண்டன. ஒரு பங்குனி மாதக் காலையில், யாரும் எதிர்பார்க்காமல், கொடி கட்டிய காரில் வந்து இறங்கினாள். பின்னால் ஒரு ஜீப். அதில் மாநகராட்சிப் பொறியாளரும் இரண்டு பெட்டி நிறையக் காகிதமும். கோயிலுக்கு எதிரே வாடகை நாற்காலி போட்டு ஊர் உட்கார்ந்தது. நாற்பது நாற்காலி, அதில் மூன்றுக்குக் கால் சரியில்லை.

"இன்னாம்மா, மேயரம்மா!" என்றார் சித்தப்பா. "கொடி கட்டிக்கினு வந்துட்ட. டீ குடுக்கறதா, சல்யூட்டு அடிக்கறதா?"

"டீயே குடு சித்தப்பா. இன்னிக்கு நான் குடுக்க ஒண்ணும் எடுத்துக்கினு வரல. கேக்க வந்திருக்கேன்."

"இன்னா வோணும், கேளு."

"தண்ணி."

சித்தப்பா சிரித்தார். எண்பது வயதில் அவருக்கு ஆறு பல் இருந்தது. "இதுக்கு இன்னாத்துக்கும்மா டீசல் செலவு பண்ணிக்கினு வந்த? போன்ல சொன்னா மோட்டார போட மாட்டமா?"

எங்கள் ஊர்க் கிணறுகள் அப்படிப்பட்டவை. கோடையிலும் ஐந்து முழத்தில் தண்ணீர் நிற்கும். தங்கை எழுந்து நின்று விளக்கமாகச் சொன்னாள். லாரி வரும், மோட்டார் ஓடுகிற மணிக்கணக்குக்கு மாநகராட்சி பணம் கொடுக்கும், மாதாமாதம் கொடுக்கும், அதற்கு ஒவ்வொருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பொறியாளர் காகிதங்களை விநியோகித்தார். சித்தப்பா தன்னுடையதை வாங்கி, ஒரு பக்கம் படித்து, இரண்டாக மடித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

"கையெழுத்து போடு சித்தப்பா."

"இத பாரு. உன் கல்யாணத்துல உங்கப்பன் நக போட்டானே, மாப்ள கையில ரசீது வாங்கினானா?"

"அது வேற, இது வேற. இது ஆபீசு. பேப்பர் இல்லாம டப்பு குடுக்க முடியாது."

"டப்பு நீ குடுத்தா வாங்கிக்குவோம். வோணாம்னு சொல்ல மாட்டோம். இந்தப் பத்திரம்லாம் ஊரு பேரு தெரியாதவன்கிட்ட போடறது. சொந்தப் பொண்ண ஸ்டாம்பு பேப்பர்ல மடக்கி தண்ணி வித்தானுங்கன்னு நாளைக்கு எளாவூர்ல எவனாவது வாய்விட்டான்னா, நான் அந்தப் பக்கம் வேட்டி கட்டிக்கினு போவ முடியுமா?"

எனக்கு மனது கேட்கவில்லை. எழுந்தேன். "சித்தப்பா, ஒரு கணக்குக்கு பேப்பர் இருக்கறது நல்லதுதானே."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "யோவ் ஸ்டோர் மாமா! தங்கச்சிகிட்டயே கேட் பாஸ் கேக்கறியேய்யா!"

நாற்பது நாற்காலியும் சிரித்தது. தங்கையும் சிரித்துவிட்டாள். நான் உட்கார்ந்தேன். அவளும் விடவில்லை. சாப்பிடும்போது எங்கள் சமையலறையில் என்னிடம், "நீ முதல்ல போடுண்ணா, பின்னாலயே நாலு பேரு போடுவாங்க" என்றாள். சித்தப்பா போடாதபோது நான் போட்டால், கூடப்பிறந்தவனே அவளை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்றேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாள். பொறியாளர் இரண்டு பெட்டிக் காகிதத்தையும் அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அவசர காலம் என்பதால் இப்போதைக்குத் தனிச் செலவாகக் காட்டிக் கொடுத்துவிடலாம், ஒப்பந்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

முதலில் எட்டுக் கிணறு. சித்திரை பிறந்தபோது இருபத்து மூன்று. விடிந்ததும் லாரிகள் வரிசை கட்டும். பெண்கள் டிரைவர்களுக்கு மோர் கொடுத்தார்கள், நம் பொண்ணு ஊர்க்காரர்கள் என்று. இரண்டு மாதம் பணம் சரியாக வந்தது. மூன்றாவது மாதம் வரவில்லை. நான்காவது மாதமும் வரவில்லை. நகரத்தின் பெயரோடு நிதி நெருக்கடி என்ற சொல்லைச் செய்தித்தாளில் பார்க்க ஆரம்பித்தேன். சொத்து வரி வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தது, மேலிருந்து வர வேண்டிய பங்கு வரவில்லை, வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் போயிற்று. தங்கை தொலைபேசியில், "அண்ணா, இன்னும் ஒரு மாசம் மட்டும் விடச் சொல்லு. ஜனங்க கொடத்த தூக்கிக்கினு ரோட்ல நிக்குது" என்றாள். ஊர் ஒரு மாதம் விட்டது. பிறகு இன்னும் ஒரு மாதம் விட்டது. பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆடியில் அவளுக்குத் தட்டு போயிற்று. வேலை நெருக்கடியில் அவளால் வர முடியவில்லை, பதிலுக்கு அம்மனுக்குப் புடவை அனுப்பியிருந்தாள்.

ஆவணியில் ஒரு நாள் காலை என் மனைவி டீ போட்டாள். பால் திரிந்தது. பால்காரரைக் கூப்பிட்டுத் திட்டினாள். மறுநாளும் திரிந்தது. "இன்னாய்யா, முந்தாநாள் பால கொண்டாந்து ஊத்தறியா?" என்று தெருவில் நின்று கேட்டாள். அவர் மாட்டின் மேல் சத்தியம் செய்தார். மூன்றாம் நாள் டீக்கடையிலும் திரிந்தது. கடைக்காரரும் பால்காரரும் சட்டையைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குப் போனார்கள். அன்று மாலை என் மனைவி கிணற்றிலிருந்து ஒரு சொம்பு இறைத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன்.

"பால்காரன ரெண்டு நாளா திட்டிட்டேங்க" என்றாள். "நாளைக்கு போய் இன்னா சொல்லுவேன்?"

கடல் எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. நல்ல தண்ணீரை எடுக்க எடுக்க, அது விட்ட இடத்தில் கடல் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கு எவ்வளவோ இயந்திரம் வேண்டியிருக்கிறது. எங்கள் கிணற்றைக் கடலாக்குவதற்கு ஒரு மோட்டார் போதுமாக இருந்தது. அன்றோடு லாரிகளை நிறுத்தினோம். ஐப்பசியில் நகரத்தில் மழை கொட்டியது, அங்கும் லாரி தேவைப்படவில்லை. எங்களுக்கும் மழை பெய்தது. கிணறுகள் நிரம்பின, உப்பு போகவில்லை. நாற்றங்காலில் நாற்றின் நுனி கருகி, தீயில் காட்டி எடுத்தது போல் நின்றது.

தை பிறந்த பிறகு சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "நீ ஒரு தரம் போய்ட்டு வா. சண்ட போடறதுக்கு இல்ல. சும்மா ஞாபகப்படுத்து."

மீஞ்சூரில் ரயில் ஏறிப் போனேன். நான்கு நாள் அவள் வீட்டில் இருந்தேன்.

மேயர் வீடு என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. வாசலிலேயே அது போயிற்று. கேட்டுக்கு வெளியே துப்புரவுத் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். துடைப்பங்களை எதிரே வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு துடைப்பம் வரை எண்ணினேன், அதற்குள் கேட்டைத் திறந்துவிட்டார்கள். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. தங்கை தன் செலவில் அவர்களுக்கு இரண்டு வேளை டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அந்த டீயைக் குடித்துவிட்டு அவளுக்கு எதிராகவே கோஷம் போட்டார்கள்.

"டீ நல்லா கீதும்மா," என்றாள் ஒருத்தி, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "சம்பளம் எப்போ?"

"அதத்தான் நானும் கேட்டுக்கினு இருக்கேன்" என்றாள் தங்கை.

"நீ யார கேப்ப? நீதானே மேயரு."

தங்கை டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

பெட்ரோல் பங்கில் கடன் நிறுத்தப்பட்டதால் அவள் காரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். ஆட்டோவில் அலுவலகம் போனாள். "கொடிய எங்கடி கட்டுவ?" என்று கேட்டேன். "டிரைவர் மூக்குல" என்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த வாய் உண்டு. ஆனால் சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தாள். தெருவில் குப்பை முட்டி உயரம்.

இரண்டாம் நாள் மாமன்றக் கூட்டம். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு அங்கியும் அதன் மேல் மேயர் சங்கிலியும் போட்டுக்கொண்டு உயரமான நாற்காலியில் இருந்தாள். ஏசி ஓடவில்லை, மின்கட்டணம் பாக்கி. அந்தக் கனத்த துணிக்குள் அவள் கழுத்து வியர்த்து வழிவது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொருவராக எழுந்து கத்தினார்கள். ஒருவர், "அந்தச் சங்கிலிய அடகு வைங்க மேயரம்மா, எங்க வார்டு லைட்டாவது எரியட்டும்" என்றார். சபை சிரித்தது. எங்கள் கோயில் எதிரே நாற்பது நாற்காலி சிரித்தது நினைவுக்கு வந்தது. இங்கே அவள் சிரிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "அவரு கிண்டலுக்கு சொன்னாரு. நான் நெஜமாவே கேட்டேண்ணா, போன மாசம். அடகு வைக்க முடியுமான்னு. அதிகாரி பயந்துட்டாரு. அப்பறம் மெதுவா சொல்றாரு, மேல முலாம்தான் மேடம், உள்ள வெள்ளின்னு."

நான் வந்த காரியத்தை இன்னும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மூன்றாம் நாள் மதியம் அவள் சாப்பிட வந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வாசலில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். துடைப்பங்களைக் காணோம்.

"எங்க அவங்க?"

"வேலைக்கு போய்ட்டாங்க." தட்டில் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். "இன்னிக்கு கொஞ்சம் பணம் வந்துச்சு. ஒரு மாசச் சம்பளம் போட்டுட்டேன்."

"நல்லது பாப்பா." பிறகு கேட்டேன். "எல்லாமே போயிடுச்சா?"

"எல்லாமே போயிடுச்சு."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

"நம்ம ஊரு பாக்கி இதுல பாதி கூட இல்லண்ணா. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் பேனாவ வச்சுக்கினு உக்காந்திருந்தேன். ஆனா பேப்பர் இல்லாத ஒரே பாக்கி அதுதான். மேயரு சம்பளத்த நிறுத்திட்டு சொந்த ஊருக்கு அள்ளிக் குடுத்துட்டான்னு நாளைக்கு சபையில ஒருத்தன் எழுந்தா, நான் இன்னா சொல்றது? வேற எந்த ஊரா இருந்தாலும் சண்ட போட்டாவது குடுத்திருப்பேன். நம்ம ஊருன்னுதான் கடைசியில வச்சேன்."

அவள் சொன்னதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியுமா என்று அப்போதும் தேடினேன், இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பெண் என்பதால் ஊர் காகிதம் கேட்காமல் கொடுத்தது. தன் ஊர் என்பதால் அவள் கொடுக்காமல் வைத்தாள்.

"ஊரு தாங்கும், இல்லண்ணா?" என்றாள். "வயலு இருக்கு. கெணறு இருக்கு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவளுக்குத் தெரியாது. லாரிகளை நிறுத்தினோம் என்று தெரியும், பணம் வராத கோபத்தில் நிறுத்தினோம் என்று நினைத்திருக்கிறாள். அவள் மனதைக் கெடுக்கக்கூடாது என்று நாங்கள் ஒருவருமே சொல்லவில்லை.

"கெணறு உப்பாயிடுச்சு பாப்பா."

கை தட்டிலேயே நின்றது. "எந்தக் கெணறு?"

"நம்முதும்தான்."

"எத்தன?"

என் எண்ணுகிற புத்தியை ஐம்பது வருடமாகக் கேலி செய்தவள். என்னிடம் அவள் எண்ணிக்கை கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருபத்து மூணுல பத்தொம்பது."

அவள் அழவில்லை. பிசைந்த சாதத்தை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளினாள், மறுபடி இந்தப் பக்கம் தள்ளினாள். வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். நான் நாலாம் நாள் கிளம்பும்போது, எனக்கு ரயிலுக்குத் தயிர் சாதம் கட்டிக் கொடுத்தாள். கேட் வரை வந்தாள். ஊருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஊரில் சித்தப்பா முதலில் கேட்டது பணத்தை அல்ல. "கொழந்த ஒழுங்கா சாப்புடுதா? டீவியில பாத்தா கழுத்தெல்லாம் எளச்சு கீது."

கோயில் எதிரே கூடிய ஊருக்கு நடந்ததைச் சொன்னேன். முன் வரிசையில் ஒரு முப்பது வயதுக்காரர், சித்தப்பாவின் தம்பி மகன், எழுந்து நின்றார். "கேஸ் போடலாம் பெரியப்பா. தண்ணி எடுத்ததுக்கு சாட்சி கீது. லாரிக்காரன் சொல்லுவான்."

"கோர்ட்ல டவாலி நம்ம பொண்ணு பேர மூணு வாட்டி கூவுவான். அத நீ வெளிய நின்னு கேட்டுக்கினு இருப்பியா நைனா?"

"அப்ப நாங்க இன்னா பண்றது? பேஜாரு புடிச்ச பொழப்பு. பொண்ணு பொண்ணுன்னு மண்ணு போச்சே."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு ஒன்பது ஏக்கர். ஊரிலேயே அதிகம் போனது அவருக்குத்தான்.

கேஸ் போடவில்லை. விடிகாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள் கூடினார்கள். முன்பெல்லாம் கும்மிடிப்பூண்டிக்கு ஆலை வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் ஏழு பேர், எல்லாம் சின்னப் பையன்கள். அந்தப் பங்குனியில் முப்பத்து நாலு பேர் நின்றார்கள். ஐம்பது வயது தாண்டியவர்கள், வேட்டி தவிர வேறு கட்டி அறியாதவர்கள், தளர்ந்த பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். சித்தப்பாவின் மகன், என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஒரு நாள் வந்து தயங்கித் தயங்கி, "அண்ணே, உங்க பழைய கம்பெனியில வாச்மேன் வேலைக்கு சொல்லி உடுறீங்களா?" என்றார். சொல்லிவிட்டேன். நான் முப்பத்தோரு வருடம் தாண்டிய அந்தக் கேட்டில் இப்போது அவர் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

வைகாசியில் என் தங்கையின் பதவிக்காலம் முடிந்தது. கட்சி மறுபடி அவளை நிறுத்தவில்லை. புதிய மேயரை நானும் இன்னொருவரும் போய்ப் பார்த்தோம். மரியாதையாக உட்கார வைத்து, ஒப்பந்த நகல் இருக்கிறதா என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆடி வந்தது. கோயிலில் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். எப்போதும் போல என்னைக் கூப்பிட்டார்கள். போன வருடத்துத் தட்டு நாற்பத்து நான்கு. இந்த வருடம் யாரும் சாகவில்லை, யாருக்கும் புதிதாகக் கல்யாணமும் ஆகவில்லை. இடமிருந்து வலமாக எண்ணினேன். நாற்பத்து மூன்று. வலமிருந்து இடமாக எண்ணினேன். பிறகு கிட்டே போய் ஒவ்வொரு தட்டாகத் தொட்டு எண்ணினேன்.

இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். வேண்டாம் என்று ஒருவர் வாயும் சொல்லியிருக்காது. தட்டு அடுக்கிய பெண்கள் ஆளாளுக்கு, அந்தத் தட்டை வேறு யாராவது வைப்பார்கள் என்று விட்டிருப்பார்கள். யாரும் வைக்கவில்லை. அவ்வளவுதான்.

சித்தப்பா தூணில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் எண்ணியிருக்கிறார்.

"சரியா கீதா?" என்றார்.

நான் வரிசையைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தேன். அதில் பாதிப் பேரின் வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் ஆலை கேட்டில் இருந்தார்கள்.

"சரியா இருக்கு சித்தப்பா" என்றேன்.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவளிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, மீஞ்சூர் ஸ்டேஷன்ல இருக்கேன். வரியா?" கொஞ்சம் நிறுத்தி, "ஒரு பாட்டில் தண்ணி எடுத்துக்கினு வா. நம்ம கெணத்துத் தண்ணி" என்றாள்.

என் மனைவி பாட்டிலில் கேன் தண்ணீரைத்தான் ஊற்றினாள். நான் அதைக் கொட்டிவிட்டுக் கிணற்றில் பிடித்தேன். கிளம்பும்போது கோயில் வாசலில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். கையில் பாட்டிலோடு நான் சைக்கிளில் போவதைப் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை.

அவள் நடைமேடை பெஞ்சில் தனியாக இருந்தாள். மஞ்சள் புடவை. தலைக்குக் குளித்திருந்தாள். கூழ் ஊற்றுகிற நாளுக்கு எப்படி வருவாளோ அப்படியே வந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஊட்டுக்கு வா பாப்பா. ஊரு கூப்படலன்னா இன்னா? அண்ணன் கூப்படறேன்."

"ஊட்டுக்கு தெருவுல நடந்துதானே வரணும்?" என்றாள். எங்கள் வீடு தெருவின் கடைசி. "ஒவ்வொரு ஊட்டு வாசலையும் தாண்டணும். அவங்க 'வாம்மா'ன்னு கூப்புடுவாங்க, எனக்கு தெரியும். மனசுக்குள்ள எத வச்சுக்கினு இருந்தாலும் வாசல்ல நின்னா வான்னுதான் சொல்லுவாங்க. அதத்தான் என்னால தாங்க முடியாது."

ஒரு சரக்கு ரயில் போயிற்று. பிறகு கேட்டாள்.

"தட்டு எத்தன வச்சாங்கண்ணா?"

"எண்ணல."

திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ எண்ணல?"

"எண்ணல பாப்பா."

சிரித்துவிட்டாள். வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. நான் அவள் முதுகில் கை வைத்தேன். எதிர் நடைமேடையில் ஒரு குடும்பம் கூழ்ப் பானைக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு ரயிலுக்கு நின்றது.

பாட்டிலைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து அண்ணாந்து குடித்தாள். ஒரு வாய் இல்லை, பாதி பாட்டில். இறக்கியபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை. மூடியை இறுக்கித் திருகி, மீதியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வைகாசி வரைக்கும் தினம் ஒரு வாட்டியாவது யாராவது வந்து, எங்க தெருவுல தண்ணி வரலன்னு திட்டுவாங்கண்ணா" என்றாள். "இப்ப யாரும் திட்டறதில்ல."

நகரத்துக்குப் போகிற ரயில் வந்தது. ஊர் இருக்கிற திக்கைப் பார்த்து நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஏறினாள்.

நான் திரும்பி வந்தபோது கூழ் ஊற்றி முடிந்திருந்தது. பிள்ளைகள் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அதே இடத்தில் இருந்தார். சைக்கிளை விட்டு இறங்கினேன். அவர் என் கையைப் பார்த்தார், பாட்டில் இல்லை.

"ரயிலு ஏறிச்சா?" என்றார்.

"ஏறிச்சு சித்தப்பா."

தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். பிறகு, "உக்கார எடம் கெடச்சுதா?" என்று கேட்டார்.